ஒரு விரல் இடைவெளி

எலாடியோவின் வாயிலிருந்து “போதும்” என்ற சொல் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் கதவுகளைச் சாத்துவோம்.

ஜூனில் தொடங்கி நவம்பர் முடிவதற்குள் ஏழெட்டுப் புயலாவது தைவானுக்குத் தெற்கே கிடக்கும் எங்கள் சப்தாங் தீவின்மேல் ஏறி இறங்கிப் போகும். சுவர்களைப் பற்றிக் கவலை கிடையாது. கல்லும் சுண்ணாம்புமாக ஒரு முழத்துக்கு மேல் கனமாகக் கட்டிய சுவர்கள். கவலையெல்லாம் மேலே இருக்கும் புல் கூரைக்குத்தான். வானொலியில் எச்சரிக்கை எண் ஏறியதும் தெருவின் ஆண்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவோம். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிக் கூரைக்கு மேலே வீசுவோம். குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு வலைபோலப் பின்னி, நுனிகளைக் கீழே இழுத்து, சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கல் முளைகளில் கட்டுவோம். ஆண் துணை இல்லாத வீடும் கிழவர்கள் வீடும் முதலில். கட்டுகிறவர்களின் வீடுகள் கடைசியில்.

கட்டி முடித்ததும் எலாடியோ வருவார். வீட்டைச் சுற்றி மெதுவாக ஒரு நடை. இறவாரத்தில் கயிறு வளைந்து இறங்கும் இடத்தில், ஒவ்வொரு கயிற்றுக்கும் அடியில் வலது கைச் சுட்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார். ஒரு விரல் போக வேண்டும். இரண்டு போகக் கூடாது. எங்களுடையது வாழைநார்க் கயிறு. மழை பட்டால் சுருங்கும். முதலிலேயே இறுக்கிக் கட்டினால் நனைந்ததும் கூரையின் வரிச்சை நெரித்து முறித்துவிடும், இல்லையென்றால் தானே அறுந்துபோகும். அதனால் அந்த ஒரு விரல் இடைவெளி. மீதி இறுக்கத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

எலாடியோ பெரிய ஆள் இல்லை. கொஞ்சம் சர்க்கரைவள்ளித் தோட்டம், இரண்டு மாடு, ஒரு படகில் மூன்றில் ஒரு பங்கு. மகள்கள் இருவரும் வேறு தீவில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவர் சம்பாதித்து வைத்திருந்த சொத்து அந்த ஒரு சொல்தான். இருபது வருஷமாக அவர் “போதும்” சொன்ன கூரை ஒன்றுகூடப் போனதில்லை. ஒருமுறை மீன் அரியும்போது விரலை வெட்டிக்கொண்டு துணி சுற்றி வந்து நின்றார். எங்கள் கூட்டத்தின் வாயாடி அம்புரோசியோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஏண்ணே, வெட்டிக்க வேற இடமே கிடைக்கலியா? உங்க சொந்தக் கால் ரெண்டு சும்மாதானே கிடக்கு? ஊர்ச் சொத்துல போயி கத்தியை வச்சிட்டு வந்து நிக்கிறீங்களே!”

எல்லோரும் சிரித்தோம். எலாடியோவும் சிரித்தார். ஆனால் ‘ஊர்ச் சொத்து’ என்ற வார்த்தை அவர் நெஞ்சில் இனிப்பாக இறங்கியதை முகம் காட்டிக்கொடுத்தது. அந்த இனிப்புதான் பிறகு அவரைக் கெடுத்தது.

அவர் வீட்டுக்கு எதிர் வீடு இசித்ரோவுடையது. இருவரும் இடுப்பில் துணி கட்டாத வயதிலிருந்தே தோழர்கள். இசித்ரோவுக்கு எழுத்து வராது. அவர் மனைவி மெல்சோராவுக்கு எழுத்து வரும், ஆனால் கண்ணில் புரை விழுந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகன் ரோசென்தோ தைவானில் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தான். அவன் எழுதும் கடிதங்களை வாசித்துக் காட்டுவதும், பெற்றவர்கள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் எலாடியோதான். பிள்ளையின் சுகதுக்கம் முழுவதும் அந்த வீட்டுக்குள் எலாடியோவின் குரலில்தான் நுழைந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் புயல் வருவதற்கு முந்தைய நாள். படகுப் போக்குவரத்தை நிறுத்துவதற்கு முன் வந்த கடைசிப் படகில் ரோசென்தோ அனுப்பிய மூட்டை ஒன்று வந்து இறங்கியது. பிரித்தால், உள்ளே நீல நிறத்தில் பளபளவென்று நைலான் கயிறு. கப்பலில் கட்டுகிற கயிறு. தெருவே கூடிப் பார்த்தது.

மெல்சோராவுக்குப் பெருமை தாங்கவில்லை. “இந்தத் தடவை எங்க கூரைக்கு இதைத்தான் போடணும். பழைய கயிறு இத்துப்போச்சு. எம் பிள்ளை கடல் தாண்டி அனுப்பியிருக்கான்.”

“போட்ருவோம்க்கா. வீடு அப்படியே தைவானுக்குப் பறந்தாலும் கயிறு வழி காட்டும்” என்றான் அம்புரோசியோ.

வலை போட்டு, இழுத்துக் கட்டி முடித்தோம். எலாடியோ சுற்றி வந்தார். கயிறு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இருபது வருஷப் பழக்கத்தில், “தளர்த்துங்கப்பா, விரல் போகலே” என்றார். தளர்த்தினோம். ஒரு விரல் போயிற்று.

அப்போதுதான் மெல்சோரா உள்ளேயிருந்து ஒட்டிய உறையோடு ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“தம்பி, மூட்டைக்குள்ள இதுவும் இருந்துது. கயிறைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருப்பான். ஒரு எட்டு வாசிச்சிட்டுக் கட்டேன்.”

இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஐந்து வீடு பாக்கி. அதையாவது சொல்லியிருக்கலாம். எலாடியோ சொன்னது வேறு.

“கயிறு அனுப்பினவன் கட்டுறதுக்கும் பாடம் அனுப்பியிருக்கானாக்கா? மீசை முளைச்சு நாலு வருஷம் ஆகலே. நான் இந்தத் தெருவுல விரல் வைக்க ஆரம்பிச்சப்போ அவன் உங்க மடியில மூத்திரம் போயிட்டிருந்தான்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். இசித்ரோவும் சிரித்தார். மெல்சோராவும் அசட்டுச் சிரிப்போடு, “சரி சரி, நீ அறியாததா” என்று உறையைப் பழையபடி மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எலாடியோ நீலக் கயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

“போதும்” என்றார்.

மறுநாள் விடிந்ததிலிருந்தே மழை. காற்று பத்து மணிக்கு மேல்தான் எழுந்தது. எலாடியோ கதவிடுக்கில் கண்ணை வைத்து எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மழைத் தாரையில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. மற்ற வீடுகளில் கயிறு புல்லுக்குள் அழுந்திக் கிடக்க, இசித்ரோ வீட்டுக் கூரைமேல் நீல வலை தொய்ந்து கிடந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் கூரை மூச்சு வாங்குவதுபோல ஒரு சாண் மேலே எழும்பித் திரும்ப அமர்ந்தது. நனைந்து நனைந்து கயிறு நீண்டிருந்தது.

அவர் மனைவி பாசிலியா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ, என்னங்க அது? கயிறு இப்படித் தொங்குது? காத்து இன்னும் முழுசா வரலே. ஓடிப் போயி நாலு முளையிலயாவது இறுக்கிட்டு வந்துருங்க. நானும் வரேன்.”

எலாடியோ நகரவில்லை.

“என்னங்க!”

“நான் போதும்னு சொன்ன கட்டுடி அது.”

“அதுக்கு?”

“ஒவ்வொரு வீட்டுக் கதவிடுக்குலயும் ஒரு கண்ணு இருக்கும். நான் போயி அவுத்துக் கட்டுனா, நேத்து கட்டுனது தப்புன்னு நானே தெருவுக்குச் சொன்ன மாதிரி.”

பாசிலியா அவரையே பார்த்தாள். பிறகு, வாழ்நாள் முழுவதும் நொந்துகொள்ளப்போகிற ஒரு காரியத்தை அவளும் செய்தாள். பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பகல் இரண்டு மணிக்குக் கூரை போயிற்று. முகட்டிலிருந்து பிளந்து, பாதி பறந்தது, பாதி உள்ளே விழுந்தது. மெல்சோரா கட்டிலுக்கடியில் புகுந்து தப்பித்தாள். அவளைத் தள்ளிவிட்டுத் திரும்பிய இசித்ரோவின் இடுப்பில் விட்டம் விழுந்தது.

அடுத்த நாள் காற்று ஓய்ந்ததும் தெருவே அங்கே நின்றது. இசித்ரோவைக் கதவுப் பலகையில் தூக்கிப்போனார்கள். படகேறிப் போகும் நடுத்தீவு ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, இடுப்பு எலும்பு இனி சேராது என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்தக் காலையில் இடிபாட்டை அள்ளும்போது எலாடியோவின் கையில் ஈரப் புல்லுக்கு நடுவே ஒரு உறை தட்டுப்பட்டது. மாதா படத்தின் சட்டத்துக்குப் பின்னால் மெல்சோரா செருகி வைத்திருந்ததால் அதிகம் நனையவில்லை. சுவர் மறைவில் போய் நின்று கிழித்து வாசித்தார்.

“அம்மா, அப்பாவுக்கு. இது நம் நார்க் கயிறு மாதிரி இல்லை. இது நனைந்தால் இறுகாது, நீளும். முதலில் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, ஈரமாகவே இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். விரல் நுழையவே கூடாது. மாமாவிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் சொன்னால் கேட்டுக்கொள்வார், தப்பாக நினைக்க மாட்டார்.”

கடைசி வரியை எலாடியோ பலமுறை வாசித்தார். ‘தப்பாக நினைக்க மாட்டார்.’ அந்தப் பிள்ளை அவரை அவ்வளவு உயரத்தில் வைத்திருந்தான்!

சுவருக்கு அந்தப் பக்கம் அம்புரோசியோவின் குரல் கேட்டது. “தைவான் கயிறாம் தைவான் கயிறு! பன்றியைக் கட்டக்கூட லாயக்கில்லே. எலாடியோண்ணன் விரலையே ஏமாத்திட்டுதே! அவரு என்ன செய்வாரு பாவம்.”

“ஆமாப்பா, அவரு என்ன செய்வாரு” என்றார்கள் நாலு பேர்.

எலாடியோ கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். சாயங்காலம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாராம். சாயங்காலம் வந்ததும், நாளைக்கு என்று நினைத்தாராம். கடிதம் கூரையோடு போய்விட்டது என்றே மெல்சோரா நம்பினாள்.

ஒரு மாதம் கழிந்து இசித்ரோ திரும்பி வந்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்த சமையல் கொட்டிலில் அவரைப் படுக்கவைத்தார்கள். எலாடியோ தினம் போனார். வேகவைத்த கிழங்கு, மீன் குழம்பு, மாற்றுத் துணி. தோழனைப் புரட்டிப் படுக்கவைப்பார், முதுகு துடைப்பார். “கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்” என்று தெரு புகழ்ந்தது. புகழப் புகழ அவர் குனிந்துகொண்டே போனார். அதையும் அடக்கம் என்று சொன்னோம்.

மகனுக்குச் செய்தி சொல்ல வேண்டுமே! மெல்சோரா சொல்லச் சொல்ல எலாடியோதான் எழுதினார்.

“கயிறு தாங்கலேன்னு எழுது தம்பி. ஊர்ல எல்லாரும் கயித்தைத்தான் குத்தம் சொல்றாங்க. ஆனா நீ மனசு ஒடைஞ்சிராதேன்னும் எழுது. அப்பாவுக்கு இடுப்பு போச்சுன்னு... எழுதாம இருக்க முடியாதே.”

எழுதினார். ‘கயிறு தாங்கவில்லை’ என்று தன் கையெழுத்திலேயே எழுதினார்.

நவம்பர் கடைசியில் பதில் வந்தது. கொட்டிலில் இசித்ரோவின் தலைமாட்டில் உட்கார்ந்து எலாடியோ வாசித்தார்.

“நான் அனுப்பிய கயிறு என் அப்பாவின் இடுப்பை முறித்துவிட்டது. மலிவாகக் கிடைத்ததென்று கப்பலில் கழித்துப்போட்டதை வாங்கினேன். இனி எந்த முகத்தோடு வருவேன்? கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கப்பலில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்...”

‘வாங்கினேன்’ என்பதற்கும் ‘இனி’ என்பதற்கும் இடையில் இன்னொரு வரி இருந்தது. ‘நான் எழுதியபடியே ஊறவைத்து இறுக்கிக் கட்டியும் போய்விட்டதென்றால், கெட்டது கயிறுதான்.’ அந்த வரியை எலாடியோ வாசிக்கவில்லை. எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

மெல்சோரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இசித்ரோ சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போன எலாடியோ சாப்பிடவில்லை. பாசிலியா தட்டை எடுத்து மூடிவைத்தாள். என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் தன் பங்கும் வெளியே வரும் என்று அவளுக்குப் பயம்.

மார்ச்சில் புல் முற்றியது. தெரு முழுக்கச் சேர்ந்து அறுத்து, காயவைத்து, இசித்ரோ வீட்டுக்குப் புதுக் கூரை போடும் நாள் வந்தது. கூரை போடும் வீட்டுக்காரர்கள் சோறு போட வேண்டும். மெல்சோரா தன் ஒரே பன்றியை அடித்துக் கொழுப்பிலேயே வதக்கிக்கொண்டிருந்தாள். ஈரப்பலா இலைகளில் சோறு பொட்டலம் பொட்டலமாகக் காத்திருந்தது. இசித்ரோவைப் பாயோடு தூக்கிவந்து ஈரப்பலா மரத்தடியில் கிடத்தினோம். எலும்பும் தோலுமாக இருந்தார். ஆனாலும் வாய் குறையவில்லை.

“டேய், அந்த மூலையில மரம் கோணலா இருக்குடா! படுத்துக்கிட்டு மேல பாக்குறவன் நான்தான், எனக்குத் தெரியாதா?”

நண்பகலில் கைமரமெல்லாம் ஏறிவிட்டது. அம்புரோசியோ எங்கிருந்தோ அந்த நீலக் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

“இதை என்ன பண்றது? அடுப்புல போடவா? பன்றி வெந்த மாதிரியும் ஆச்சு, பழி தீத்த மாதிரியும் ஆச்சு.”

யாரும் சிரிப்பதற்கு முன் பாயிலிருந்து குரல் வந்தது.

“எரிச்சிருடா. என் கண்ணு முன்னாலயே எரி. அதைப் பாக்குறப்பல்லாம் வயிறு எரியுது. பெத்த புள்ளையைச் சபிச்சிருவேனோன்னு பயமா இருக்குடா எனக்கு. எரிச்சிரு.”

எலாடியோ ஏணியின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த புல் கட்டு கீழே விழுந்தது. இறங்கி வந்தார். அம்புரோசியோவின் தோளிலிருந்து கயிற்றைப் பிடுங்கினார்.

“எரிக்காதே. கயித்து மேல தப்பில்லே.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“தப்பு என் விரல் மேல.”

சட்டைக்குள் கை விட்டார். ஆறு மாதமாக வேர்வையில் ஊறி, மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன அந்தக் கடிதத்தை எடுத்தார். “மெல்சோராக்கா, இது உங்களுது. புயலுக்கு மறுநாளே என் கையில கிடைச்சுது. குடுக்கலே.”

மெல்சோரா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். கடிதத்தை வாங்கவில்லை.

“என் கண்ணுக்கு எழுத்து தெரியாதுன்னு உனக்குத் தெரியுமே. நீயே வாசி. அவருக்குக் கேக்குற மாதிரி வாசி.”

எலாடியோ பாயருகே மண்டியிட்டு வாசித்தார். ‘தப்பாக நினைக்க மாட்டார்’ என்ற இடத்தில் குரலே வரவில்லை. காற்றாகத்தான் வந்தது. பிறகு, நவம்பரில் விழுங்கிய வரியையும் மனப்பாடமாகச் சொன்னார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்று சிரித்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தோம்.

இசித்ரோ பாயிலிருந்து கையை நீட்டிக் கடிதத்தைத் தொட்டார்.

“இன்னொரு தடவை வாசிடா.”

வாசித்தார்.

“எம் புள்ளை சரியாத்தான் எழுதியிருக்கான்” என்றார் இசித்ரோ. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. “சரியாத்தான் எழுதியிருக்கான், பாத்தியா மெல்சோரா.” பிறகு தோழனைத் திரும்பிப் பார்த்தார். “எலாடியோ, நீ என் முதுகைத் தொடைச்சப்பல்லாம் இது உன் சட்டைக்குள்ளதான் இருந்துதா?”

எலாடியோ ஆமென்று தலையை ஆட்டினார்.

“போடா. இனிமே எனக்கு யாராச்சும் வேற ஆளு வாசிக்கட்டும்.”

ஓர் அடி அடித்திருந்தால்கூட எலாடியோ தாங்கியிருப்பார்.

மெல்சோரா அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்த விரலைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு கையைக் கீழே விட்டாள்.

“வேலையைப் பாருங்கப்பா. வெயில் எறங்குறதுக்குள்ள புல்லு போடணும்.”

கூரை முடிந்தது. புயல் காலம் இல்லாவிட்டாலும் கயிற்றைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றாள் மெல்சோரா. பெண்கள் நீலக் கயிற்றைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஊறவைத்தார்கள். சொட்டச் சொட்ட வீசிப் பின்னி, ஐந்து ஐந்து பேராக இழுத்தோம். எலாடியோ கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்து இழுத்தார். கட்டி முடித்ததும் பழக்கத்தில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம்.

“நான் சொல்லக் கூடாது” என்றார். “அக்கா சொல்லட்டும்.”

மெல்சோரா சுவரைத் தடவியபடி சுற்றி வந்தாள். ஒவ்வொரு கயிற்றிலும் விரலை நுழைக்கப் பார்த்தாள். எதிலும் போகவில்லை. கண் தெரியாதவளுக்குக் கை நன்றாகவே பேசியது.

“போதும்” என்றாள்.

அம்புரோசியோ மீதிக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

மகனுக்கு எழுத வேண்டிய கடிதத்தை வேறு யாரும் எழுதக் கூடாது என்றாள் அவள். “நீ எழுதுனதை நீதான் அழிக்கணும்.” தெருவே சுற்றி நிற்க எலாடியோ எழுதினார். ஏப்ரல் முதல் படகில் கடிதம் போயிற்று. ரோசென்தோவின் கப்பல் அப்போது நடுக்கடலில். கடிதம் துறைமுகத்தில் காத்துக் கிடந்தது. இங்கே இசித்ரோவின் நெஞ்சில் சளி கட்டியது. ஒவ்வொரு படகு வரும்போதும் தலையை உயர்த்திக் கேட்பார், “வந்துட்டானா?” ஜூன் மூன்றாம் தேதி கேட்கவில்லை. அன்று காலையில் அவர் மூச்சு நின்றுவிட்டது.

ரோசென்தோ பதினோரு நாள் கழித்து வந்தான்.

துறைக்கு எலாடியோவோடு நானும் போயிருந்தேன். படகிலிருந்து குதித்து, ஈரக் காலோடு மணலில் ஏறி வந்தான். அப்பா இறந்த செய்தியை நடுத்தீவிலேயே சொல்லிவிட்டிருந்தார்கள். எலாடியோவைக் கண்டதும் நின்றான்.

“என் கடிதாசை அப்பா கேட்டாரா?”

“கேட்டாருப்பா. நான்தான் வாசிச்சேன். ரெண்டு தடவை.”

“என்ன சொன்னாரு?”

“‘எம் புள்ளை சரியாத்தான் எழுதியிருக்கான்’னாரு.”

ரோசென்தோ மணலில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி தேம்பினான். எலாடியோ அவன் தோளைத் தொடக் கையை நீட்டினார். தொடாமலே இழுத்துக்கொண்டார்.

“இன்னொன்னு இருக்கு ரோசென்தோ. அது கடிதாசுல இல்லே. காத்து முழுசா வர்றதுக்கு முன்னாலயே கயிறு தொய்ஞ்சதை நான் கதவிடுக்குல பாத்தேன். போயி இறுக்கியிருக்கலாம். நேரம் இருந்துது. தெரு பாக்குமேன்னு போகலே.”

எனக்கே அது அன்றுதான் தெரியும். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரோசென்தோ எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான். கண் சிவந்திருந்தது. கை ஓங்குவான் என்று நினைத்தேன். ஓங்கவில்லை.

“அம்மாவுக்குத் தெரியுமா மாமா?”

“தெரியாது.”

“நான் சொல்ல மாட்டேன். நீங்களே போயி சொல்லுங்க.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். எலாடியோ பத்தடி பின்னால் நடந்தார்.

வீட்டில் தாயும் மகனும் கட்டிக்கொண்டு அழுது ஓயும்வரை எலாடியோ வெளியே சுவரோரம் நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்.”

மெல்சோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

“கதவிடுக்குல நின்னதைத்தானே?”

எலாடியோ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“பாசிலியா மார்ச்சுலயே வந்து என் காலைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டுப் போனா. நீயா வந்து சொல்றியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அவனுக்கு... இசித்ரோவுக்குத் தெரியுமா?”

“தெரியும். ‘அவனா வந்து சொல்லுவான், கேட்டுறாதே’ன்னாரு. படகைக் கேட்ட மாதிரியேதான் உன்னையும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. கடைசி வாரம்கூட, ‘எலாடியோ வந்தானா’ன்னாரு.”

எலாடியோ வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தார். கடைசி வாரம் முழுக்க அவர் எதிர் வீட்டில்தான் இருந்தார். இருபது அடி தூரம். முகம் காட்ட வெட்கப்பட்டுக் கிழங்கை மட்டும் பாசிலியாவிடம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார்.

மெல்சோரா அவரை உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அந்த வருஷத்து முதல் புயல் ஜூலையில் வந்தது. இப்போது பாதி வீடுகளில் ரோசென்தோ வரவழைத்த நீலக் கயிறு. நார்க் கயிறு போட்ட வீட்டில் ஒரு விரல், நைலான் போட்ட வீட்டில் விரலே கூடாது. இரண்டையும் பார்த்து “போதும்” சொல்வது மெல்சோரா. ரோசென்தோ அவள் முழங்கையைப் பிடித்து வீடு வீடாக அழைத்துப் போனான். எலாடியோ எப்போதும்போல வந்தார், கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்தார், யாரோடும் பேசாமல் இழுத்தார்.

கட்டுகிறவர்களின் வீடுகள் கடைசியில் அல்லவா? எல்லாவற்றுக்கும் கடைசியாக எலாடியோவின் வீட்டைக் கட்டினோம். மழை தொடங்கிவிட்டது. மெல்சோரா நின்று, இறவாரத்துக் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கிழக்கு மூலையில் ஒரு நார்க் கயிற்றில் இரண்டு விரல் போயிற்று.

“இங்க தளர்வா இருக்கு.”

எலாடியோ ஓடிப்போய் அவிழ்த்தார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அத்தனை கண்களுக்கும் முன்னால், தன் வீட்டுக் கட்டைத் தானே அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிறகு தலையில் ஒன்றும் போடாமல் மழையில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் விரல் கயிற்றின் மேல் வெகுநேரம் இருந்தது.